சிறு குழந்தையை மேஜிக் பட்டறைக்கு அழைத்துச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை என்றால் திருவனந்தபுரம் பயணம் ஒன்று கட்டாயம் இருக்கும். மிருகக்காட்சிச் சாலை, சங்குமுகம், வேளி என்ற பழைய வரிசையில் இப்போது கழக்கூட்டமும் சேர்ந்திருக்கிறது. மேஜிக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2014இல் அங்கே தொடங்கிய மேஜிக் பிளானட் என்ற மேஜிக் பூங்கா அதற்கு முக்கியக் காரணம். அது போக, எல்லைக்கு இரண்டு பக்கமும் கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான மேஜிக் பட்டறைகள் நடக்கின்றன. யாரோ மேடையில் செய்வதைத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக் கைதட்டும் நிகழ்ச்சிகள் அல்ல இவை. இருட்டாக்கிய அறைக்குள் அழைத்துப்போய், கறுப்பு அங்கி போட்டு, கையில் ஒரு கோலைக் கொடுத்து, புகையும் ஒலியும் சூழக் குழந்தையையே வித்தை செய்ய வைக்கும் நிகழ்ச்சிகள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதே அறை முற்றிலும் வேறு. ‘குழந்தைகளுக்கானது’ என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதை நம்பி இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

வயதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலகம் இப்படித்தான் நடக்கும் என்று ஏற்கெனவே நம்பியிருப்பவருக்குத்தான் மேஜிக் வியப்பூட்டும். மூன்று வயதுக் குழந்தைக்குச் செல்போன் திரையில் தாத்தாவின் முகம் தெரிவதும் தொப்பிக்குள்ளிருந்து முயல் வருவதும் ஏறக்குறைய ஒரே தரத்து அதிசயங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு முயலைத் தொடலாமா என்று கேட்கும். “பார், பார், எப்படி வந்தது பார்!” என்று பெற்றோர் உலுக்குவதில் பயனில்லை. குழந்தை ரசிக்கவில்லை என்று வருந்தவும் வேண்டாம். அதற்குப் பிடித்தது முயல்.

வித்தையைச் செய்வது இன்னும் ஒரு படி மேலே. நாணயம் என் இடது கையில் இருப்பது எனக்குத் தெரியும், எதிரே இருப்பவர் வலது கையில் இருப்பதாக நினைக்கிறார் என்று புரிந்தால்தான் ஒளிக்க முடியும். ‘அவருக்குத் தெரிந்தது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு’ என்ற இந்தப் புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் உருவாகிறது. அதை அறிய உளவியலாளர்கள் 1980களில் உருவாக்கிய எளிய சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பென்சில்களைப் போட்டு வையுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். “பிஸ்கட்” என்று சொல்லும். திறந்து பென்சிலைக் காட்டி, மறுபடி மூடிவிட்டு, “இதைப் பார்க்காத அப்பா வந்தால், உள்ளே என்ன இருப்பதாக நினைப்பார்?” என்று கேளுங்கள். “பென்சில்” என்று பதில் வந்தால் வித்தை கற்றுக்கொள்ளும் பருவம் இன்னும் வரவில்லை. அந்தக் குழந்தையைப் பட்டறையில் சேர்த்தால், ஒளித்த கையைத் தானே விரித்து எல்லோருக்கும் காட்டும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அது அழும். ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்தால் இந்த வேதனை தேவையில்லை.

மனம் தயாராக இருந்தாலும் கை தயாராக இருக்க வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். பெரியவர் உள்ளங்கையின் மடிப்பில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வயதுக் கையில் விளிம்பு வெளியே தெரியும். சீட்டுக் கட்டைக் கலைப்பதும் அப்படியே. முன்பதிவு செய்வதற்கு முன் என்னென்ன வித்தைகள் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். ஸ்பாஞ்ச் பந்து, கைக்குட்டை, ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவும் ரப்பர் பேண்ட், மடித்த காகிதம் என்று பதில் வந்தால், சொல்பவர் குழந்தைகளோடு பழகியவர். நாணயமும் சீட்டும்தான் என்றால் எட்டு வயதுக்குக் கீழே பணம் கட்டாதீர்கள்.

மொழி அடுத்த சிக்கல். வித்தைக்காரரின் பேச்சு வெறும் அலங்காரமல்ல. நம் கண்ணை ஒரு பக்கம் இழுத்துவைத்து மறுபக்கம் கை வேலை செய்ய விடுவது அந்தப் பேச்சுதான். எல்லைக்கு அப்பால் அது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு மலையாளம் காதில் பழகியதுதான் என்றாலும், இருட்டில், வேகத்தில், மைக் வழியாக வரும்போது பாதி நழுவிவிடும். மற்ற பிள்ளைகள் கண்ணை மூடும்போது தான் மட்டும் விழித்துக்கொண்டு நிற்பது குழந்தைக்குப் பெரிய அவமானம். கண்ணடைக்கூ (கண்ணை மூடு), ஊதூ, எண்ணூ, கை நீட்டூ போன்ற கட்டளைகளை முந்தைய நாள் விளையாட்டாகச் சொல்லிப் பழக்கினால் போதும். பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவர்களில் பலர் இரண்டு வாக்கியம் தமிழிலும் பேசுவார்கள்.

போகும் வழியில் பேய்க் கதை சொல்லும் பழக்கத்தை அன்று ஒரு நாளாவது விட்டுவிட வேண்டும். கள்ளியங்காட்டு நீலியும் குட்டிச்சாத்தானும் நம் பாட்டிமார்களின் சொத்து. வேறொரு நாள் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் காலையில் நீலியைக் கேட்ட குழந்தை மதியம் புகை நிறைந்த இருட்டறைக்குள் நுழைந்தால் அங்கே நீலியைத்தான் தேடும். ‘மந்திரம்’ என்ற பேச்சைக் கேட்டுப் பாட்டிக்கே கலக்கம் இருந்தால், அது மாந்திரீகமல்ல, கைத்திறன் என்று பொறுமையாக விளக்குங்கள். கேரள மேடை மேஜிக்கின் தந்தை என்று மதிக்கப்படும் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) செப்பும் பந்தும் கொண்டு, அதாவது கவிழ்த்த கிண்ணங்களுக்கு அடியில் பந்துகளை மறைத்தும் தோன்ற வைத்தும் செய்த வித்தைகளால் பெயர் பெற்றவர். அவர் நம்பியிருந்தது விரல்களின் பயிற்சியைத்தான்.

இனி உடல் சம்பந்தப்பட்டவை. இவற்றில் அலட்சியம் கூடவே கூடாது. புகை இயந்திரம் உண்டா என்று கேளுங்கள். இளைப்பு (ஆஸ்துமா) உள்ள குழந்தைக்கு அந்தப் புகை மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும். விட்டுவிட்டு மின்னும் விளக்கு உண்டா என்று கேளுங்கள். வலிப்பு வந்திருக்கும் குழந்தையானால் மருத்துவரைக் கேட்காமல் அழைத்துப்போகக் கூடாது. கொதிக்கும் மந்திரக் கஷாயம் போல ஒரு பாத்திரத்திலிருந்து வெள்ளைப் புகை வழிந்தால் அது பெரும்பாலும் உலர்பனி (டிரை ஐஸ்), அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்தது போலாகிவிடும், மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். பயிற்சியாளர் கையுறையோடு கையாளட்டும்; உங்கள் பிள்ளை எட்ட நிற்கட்டும். திடீர் ஒலிக்குப் பயப்படும் குழந்தைக்குக் காது மூடும் கருவியோ கொஞ்சம் பஞ்சோ கையில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மேஜிக் பெட்டி. விரலில் மாட்டிக்கொள்ளும், சிவப்பாக ஒளிரும் போலிக் கட்டைவிரல், மின்னும் கோல் போன்றவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம், வாந்தி எடுக்க வைக்கலாம் என்று காத்திருக்காமல் நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறிய, வலுவான காந்தங்களும் அதே அளவு ஆபத்து. இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். பேட்டரி மூடியில் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பொருளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பெட்டியை முழுவதுமாக மேல் அலமாரியில் வையுங்கள்.

பயந்து அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே ஓடுவது பெற்றோரின் இயல்பு. மற்ற இடங்களில் அது சரி. மேஜிக் அரங்கில் அதுவே சில நேரம் தவறாகிவிடுகிறது. 1956 ஏப்ரலில் இந்திய மேஜிக் கலைஞர் பி. சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் நேரடியாக ஒரு வித்தை காட்டினார்: ஓர் இளம்பெண்ணை மேசையில் கிடத்தி வட்ட ரம்பத்தால் அறுப்பது. அறுத்து முடித்த பின் அவர் கூப்பிட்டும் அந்தப் பெண் அசையவில்லை. அந்த நிலையிலேயே நேரம் முடிந்தது என்று நிகழ்ச்சி நின்றுவிட்டது. பெண் இறந்துவிட்டாள் என்று பதறிய நேயர்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. வளர்ந்தவர்களே இப்படி என்றால், பெண் பெட்டிக்குள் இரண்டாகப் பிரிந்த நொடியில் வெளியே தூக்கிச் செல்லப்பட்ட குழந்தையின் கதி என்ன? அவள் முழுசாக எழுந்து வணங்கியதை அது பார்க்கவே இல்லை. அன்று இரவு கனவில் வருவது பாதி வித்தை. அதனால், வாசலுக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். அழுதால் மடியில் வைத்துக்கொண்டு கதவருகே நகருங்கள், ஆனால் அந்த ஒரு வித்தை முடியும்வரை தலையாவது உள்ளே இருக்கட்டும். அதுவும் முடியவில்லை என்றால், நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டிக்குள் இருந்த அந்த உதவியாளரை வந்து ஒரு முறை கைகுலுக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்படிக் கேட்டால் மறுக்கும் கலைஞரை நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பயப்படும் குழந்தையை மேடைக்குத் தள்ளுவது. தன்னார்வலர் யார் என்று கேட்ட மாத்திரத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து உயரத் தூக்கும் அப்பாக்களை எல்லா இடத்திலும் காணலாம். கூடவே செல்போனும் உயரும். படம் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் “சிரி மக்களே, இங்கே பார்” என்று கத்தும்போது, வித்தைக்காரர் பாடுபட்டு ஓர் இடத்தில் குவித்த குழந்தையின் கவனம் சிதறிவிடுகிறது. கடைசியில் குழந்தை பார்த்தது அம்மாவின் செல்போனை மட்டும்தான். தவிரவும், படத்தில் மற்றவர்களின் பிள்ளைகளும் விழுகிறார்கள். முடிந்த பிறகு அங்கியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதாதா?

ரகசியத்தை உடைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பக்கத்து இருக்கையில் இருந்து “கீழே நூல் கட்டியிருக்கிறான், பார்” என்று உரக்கச் சொல்லும் மாமா, சித்தப்பாக்கள் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார்கள். குழந்தையை ஏமாறாமல் காப்பாற்றுவதாக அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் “எப்படி?” என்ற கேள்வியோடு மூன்று நாள் சுற்றும் குழந்தை அந்த மூன்று நாளும் தானாகவே யோசிக்கிறது, காந்தமா, கண்ணாடியா, இன்னொரு பந்து உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. விடையைச் சொல்லிவிட்டால் யோசனை அங்கேயே நின்றுவிடும். அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். “நிஜமாகவே மறைந்துவிட்டதா?” என்று கேட்டால், “அது பழகிச் செய்யும் வித்தை. எப்படிச் செய்தார் என்று நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேளுங்கள். பட்டறையில் கற்ற ரகசியத்தைப் பிள்ளை உங்களிடம்கூடச் சொல்ல மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: வித்தை ரகசியம் காப்பது வேறு, யாராவது தொட்டதையோ மிரட்டியதையோ மறைப்பது வேறு. இரண்டாவது வகை ரகசியத்தை அம்மாவிடமும் அப்பாவிடமும் எப்போதும் சொல்லலாம்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக: நாகர்கோவிலிலிருந்து கழக்கூட்டம் சுமார் 80 கிலோமீட்டர். பாலராமபுரம் நெரிசலைச் சேர்த்தே கணக்கிடுங்கள். மதியத் தூக்க நேரத்தில் நடக்கும் பட்டறைக்குப் பதிவு செய்யாதீர்கள். ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை என்பதால், இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நாளில் அங்கே சேரும். சிறு குழந்தையோடு அன்று போக வேண்டாம். பசியோடு உள்ளே அனுப்பாதீர்கள். ஓர் ஏத்தன்பழம் போதும். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

திரும்பிய பிறகு வித்தையை வீட்டில் தொடர விரும்பினால் விலை கூடிய பெட்டி தேவையில்லை. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சிவப்பதும் இப்படி ஒரு நிறமாற்றம்தான். அதில் சேர்க்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும் என்பதால், அதைப் பெரியவர் மட்டும் கலக்க வேண்டும். கைத்திறன் வேண்டும் என்றால் மூன்று எவர்சில்வர் தம்ளரும், வாய்க்குள் போகாத அளவுக்குக் கம்பளி நூலில் சுற்றிய பந்துகளும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்பும் பந்தும் வித்தைக்கு இவையே போதும். பந்து உருளாமலும் தம்ளர் ஓசை எழுப்பாமலும் இருக்க, மேசையில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு பழகச் சொல்லுங்கள்.