சென்னை மொட்டை மாடியில இருந்து ட்வார்ஃப் நோவா பாக்கலாம் வாங்க

ட்வார்ஃப் நோவான்னா அப்பப்ப திடீர்னு பளிச்சுனு ஆகி மறுபடி மங்குற ஜோடி நட்சத்திரம். அதைப் பாக்கணும்னு யார்கிட்ட கேட்டாலும் மொதல்ல எஸ்எஸ் சிக்னில ஆரம்பின்னு தான் சொல்வாங்க. நல்ல ஸ்டார் தான், 12 மேக்னிட்யூட்ல கெடக்கும் (மேக்னிட்யூட்னா பிரகாச அளவு, எண் கொறைஞ்சா பிரகாசம் கூட), ஏழெட்டு வாரத்துக்கு ஒருக்கா 8 வரைக்கும் ஏறும், சின்ன டெலஸ்கோப்லயே மாட்டும். ஆனா அது சாயங்காலத்துல வசதியா மேல நிக்கிறது செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும், அப்ப நம்ம ஊர் வானம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா என்ன. அதனால சென்னைக்காரங்க மிதுனத்துல இருக்குற யூ ஜெமினோரம்ல (சுருக்கமா யூ ஜெம்) ஆரம்பிங்க. பொங்கல் முடிஞ்சா ஏப்ரல் வரைக்கும் வானம் ஓரளவு தொறந்திருக்கும், அந்த மாசங்கள்ல தான் இதுவும் ராத்திரில நல்லா உயரத்துல வருது. எஸ்எஸ் சிக்னிய மே மாசம் விடியக்காலைல எழுந்து பாத்துக்கலாம்.

நடக்குறது என்னன்னா, ஒரு வெண்குள்ளனும் (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட சின்ன, அடர்த்தியான மிச்சம்) ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரமும் ஒட்டி ஒட்டி சுத்துதுங்க, யூ ஜெம்ல ஒரு சுத்துக்கு சுமாரா நாலேகால் மணி நேரம் தான். செவப்புல இருந்து கேஸ் வழிஞ்சு வெண்குள்ளனை சுத்தி தட்டு மாதிரி சேருது. சேர சேர சூடேறி ஒரு கட்டத்துல ஹைட்ரஜன் அயனி ஆக ஆரம்பிக்கும், உராய்வு சட்டுனு கூடும், தேங்கின கேஸ் மளமளன்னு உள்ள இறங்கும், தட்டு பளிச்சுனு ஆயிடும். வெடிக்கிறது நட்சத்திரம் இல்ல, தட்டு தான் பிரகாசமாகுது. நிஜ நோவான்னா வெண்குள்ளன் மேலயே அணுக்கரு இணைவு நடந்து வெடிக்கிறது, அது வேற கதை.

இந்த வகைல மொதல்ல கண்டுபிடிச்சது யூ ஜெம் தான், 1855 டிசம்பர்ல ஹிண்ட்ங்கிற இங்கிலாந்து வானியலாளர் கண்டுபிடிச்சாரு. அடுத்த வருஷமே இதை உக்காந்து பாத்தவர் இன்னொரு வானியலாளர் போக்சன், அதே வருஷம் தான் ஒரு மேக்னிட்யூட் மாறினா வெளிச்சம் 2.512 மடங்கு மாறும்ங்கிற விகிதத்தையும் சொன்னாரு. அந்த மனுஷன் 1861ல நம்ம நுங்கம்பாக்கம் மெட்ராஸ் அப்சர்வேட்டரிக்கு வந்து 1891ல சாகுற வரைக்கும் இங்கயே இருந்தாரு. அவர்கிட்ட வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல ஆர் ரெட்டிகுலிங்கிற மாறும் நட்சத்திரத்தை கண்டுபிடிச்சாரு. இப்ப காலேஜ் ரோடு வானிலை ஆபீஸ் இருக்குற எடத்துல தான் அந்த அப்சர்வேட்டரி இருந்துச்சு, பழைய கருங்கல் தூண் இன்னும் உள்ள நிக்குது.

சரி வேலைக்கு வருவோம். மாறும் நட்சத்திரங்களை பாக்குறவங்களோட அமைப்பு ஏஏவிஎஸ்ஓ, அவங்க சைட்ல இலவசமா அக்கவுண்ட் போட்டு அப்சர்வர் கோட் வாங்கிக்கோங்க. அங்கயே ஸ்டார் பேரை அடிச்சா சார்ட் வரும், பக்கத்து நட்சத்திரங்கள் மேல 98, 106ன்னு எண் இருக்கும், அது 9.8, 10.6ன்னு அர்த்தம், புள்ளிய நட்சத்திரம்னு நெனச்சிடக் கூடாதுன்னு விட்ருக்காங்க. உங்க டெலஸ்கோப் படத்தை தலைகீழா காட்டுதா இல்ல இடவலம் மாத்துதான்னு பாத்து அதுக்கேத்த சார்ட்டை எடுங்க, இதுல கோட்டை விட்டா ராத்திரி பூரா வானத்துல வேற எடத்துல தேடிட்டு இருப்பீங்க. புனர்பூசத்துல ரெண்டு பெரிய ஸ்டார் இருக்குல்ல, அதுல போலக்ஸ்ல இருந்து தெற்கால ஆறேழு டிகிரி எறங்குங்க, அந்த ஏரியா தான். பிப்ரவரி நடுவுல ராத்திரி பத்து மணிக்கு மேல கிட்டத்தட்ட உச்சிலயே இருக்கும்.

வெடிப்புல இருந்தா 9 பக்கம் வரும், பளிச்சுனு தெரியும். அதோட வெளிச்சம் சார்ட்ல உள்ள 9.8 ஸ்டாருக்கும் 10.6 ஸ்டாருக்கும் நடுவுல, 9.8ல இருந்து கால் பங்கு மங்கல்னா 10.0ன்னு எழுதுங்க. ஒரே ஸ்டாரை முறைச்சு பாக்காம கண்ணை மாத்தி மாத்தி ஓட்டுங்க.

ஆனா பெரும்பாலான நாள் யூ ஜெம் 14க்கு கீழ தூங்கிட்டு இருக்கும், சென்னை வெளிச்சத்துல 8 இன்ச்லயும் கண்ணால புடிக்க முடியாது. அங்க தான் முக்கால்வாசி பேர் சலிச்சுப் போய் மூட்டை கட்டிடுறாங்க, என்னைக் கேட்டா அந்த ராத்திரி தான் உருப்படியான ராத்திரி. அன்னிக்கு உங்களுக்கு தெரிஞ்ச மங்கலான ஒப்பீட்டு ஸ்டார் 12.1னா, யூ ஜெம் 12.1ஐ விட மங்கல்னு போடுங்க. அடுத்த நாள் ஜப்பான்லயோ ஸ்பெயின்லயோ ஒருத்தர் 9.5ன்னு போட்டா, எந்த ராத்திரி ஏறுச்சுன்னு உங்க ரிப்போர்ட் வச்சு தான் சொல்ல முடியும். வெடிப்புக்கு வெடிப்பு சராசரி நூறு நாள் பக்கம், ஆனா ரெண்டு மாசத்துலயும் வரும், ஆறு மாசம் தாண்டியும் இழுக்கும், காலண்டர் பாத்து காத்திருந்தா ஆகாது. அவ்ளோ பொறுமை இல்லன்னா பக்கத்துலயே கடகத்துல ஒய்இசட் கான்க்ரி இருக்கு, ஒன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா துள்ளும், என்ன, கொஞ்சம் மங்கலா தான் துள்ளும்.

சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் இருந்தா கதையே வேற, 10 செகண்ட் படங்களை அடுக்கினா தூங்குற யூ ஜெமே தெரியும். கேமரா பதிஞ்ச அளவுகள் அப்படியே இருக்குற ஃபிட்ஸ் ஃபைலை சேவ் பண்ணுங்க, போன்ல வர்ற அழகுபடுத்தின ஜேபெக் அளக்க உதவாது. படத்தோட பச்சை சேனல்ல அளந்து, ஃபில்டர்ங்கிற எடத்துல டிஜின்னு (பச்சை சேனலுக்கான குறியீடு) குறிப்பிட்டு போடணும். ஒப்பீட்டு ஸ்டார் சாச்சுரேட் ஆகலையான்னு, அதாவது கேமரா அளக்குற எல்லையை தாண்டி வெளுத்துப் போகலையான்னு பாருங்க. விடாம நாலஞ்சு மணி நேரம் எடுத்தா, தூங்குற சமயத்துல, செவப்பு நட்சத்திரம் தட்டோட ஒரு பகுதிய மறைக்குற கிரகணத்துல யூ ஜெம்மோட வெளிச்சம் இறங்கி ஏறுறதையே கிராஃப்ல பாக்கலாம்.

நம்ம ஊருக்கே உள்ள தொல்லை ரெண்டு. ஒன்னு பனி, பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம்னா பன்னெண்டு மணிக்குள்ள லென்ஸ் ஈரமாயிடும், லென்ஸை சூடா வைக்கிற ட்யூ ஹீட்டர் இல்லன்னா ஹேர் ட்ரையரையாவது மாடிக்கு எடுத்துட்டு போங்க, துணியால மட்டும் துடைக்காதீங்க. இன்னொன்னு எதிர் வீட்டு எல்இடி, அதுக்கு கருப்பு துண்டை தலையோட போத்திக்கிறது தவிர வழி இல்ல, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல.

ரிப்போர்ட் போடறப்ப நேரம் யுடில (உலகப் பொது நேரம்) தான், நம்ம நேரத்துல அஞ்சரை மணி கழிங்க. பிப்ரவரி 11 விடியக்காலை ரெண்டு மணிக்கு பாத்தது பிப்ரவரி 10, 20:30ன்னு போகணும். மாசம், வருஷம் இல்லாம நாளை ஒரே தொடர் எண்ணா எண்ணுற ஜூலியன் நாள்ல போட்டா நமக்கு ஒரு சவுகரியம், அது மாறுறது நம்ம சாயங்காலம் அஞ்சரைக்கு, அதனால ஒரு ராத்திரி முழுக்க ஒரே நாள் எண் தான் வரும்.