"சூப்பர் அண்ணே"வுக்கு அடுத்து என்ன சொல்வது? எடிட் செய்த படத்துக்குக் கருத்துச் சொல்லும் முறை

மலேசியாவின் பினாங்குத் தீவில் கேமராவோடு அலையும் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) வருவதற்குள் கைப்பேசிகள் கைமாறத் தொடங்கிவிடும். "எப்படி இருக்கு?" என்று ஒருவர் படத்தை நீட்டுவார். "சூப்பர் அண்ணே" என்போம். இல்லாவிட்டால் "கலர் கொஞ்சம் ஓவர் லா" என்போம். இரண்டாலும் அவருக்குப் பயனில்லை. தையற்காரரிடம் "சட்டை சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே பிரித்துத் தைப்பார்?

கருத்துச் சொல்ல, படத்தை எடிட் செய்யும் லைட்ரூம் செயலியில் நிறத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் எல்லா ஸ்லைடரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அந்த இடம் உங்கள் கண்ணை என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

படி 1: முதலில் திரையைக் கவனியுங்கள்

கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி உங்கள் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' அமைப்பையும் இயல்புக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வானத்தில் தெரியும் கட்டம் கட்டமான கறைக்கு எடிட் செய்தவரைக் குறை சொல்லிவிட்டு, பிறகு அது வாட்ஸ்அப்பின் வேலை என்று தெரிந்தால் இருவருக்கும் சங்கடம்.

முடிந்தால் எடிட் செய்யாத மூலப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

படி 2: "என்ன நெனச்சு பண்ணீங்க?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் சுவரோவியத்தை எல்லாரும் எடுத்தாயிற்று. அதே சுவரை ஒருவர் நள்ளிரவாக மாற்றி, மழை பெய்ய வைத்துக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். "அங்க அப்படி இருக்காதே" என்பது அந்தப் படத்துக்குப் பொருந்தாத பேச்சு. இரவாக்கத்தான் நினைத்தார், இரவு நம்பும்படி இருக்கிறதா என்பதே கேள்வி. அதுவே தைப்பூசத்தைப் பதிவு செய்யும் ஆவணப் படம் என்றால், ஓரத்தில் நிற்கும் ஆளை அழித்ததே பெரிய விஷயம். செய்திப் படப் போட்டிகளில் அப்படி அழிப்பதை ஏற்கமாட்டார்கள்.

படி 3: பேசாமல் பாருங்கள்

கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே, எங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது என்று கவனியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பெரிய வெளிச்சத் திட்டுகள் மட்டும் தெரியும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். அப்போதும் கதாநாயகன் யார் என்று தெரிந்தால் எடிட் பாதி வென்றுவிட்டது. ஸ்னாப்சீட் என்ற கைப்பேசிச் செயலியில் எடிட் செய்த நண்பர் அதை இன்னும் மூடாமல் வைத்திருந்தால், படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பழைய நிலை தெரியும்.

படி 4: இடம், விளைவு, சந்தேகம்

சொல்லும் வரிசை இதுதான்: எந்த இடம், அது உங்களுக்கு என்ன செய்கிறது, காரணம் எதுவாக இருக்கலாம். காரணம் தெரியாவிட்டால் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊர்ப் படங்களில் அடிக்கடி வரும் மூன்றைப் பார்ப்போம்.

ஒன்று, தோல் நிறம். இதில்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவரின் முகத்தை வெளிறச் செய்யும் எடிட்டுகளை எத்தனையோ பார்த்தாயிற்று. பலர் வேண்டுமென்று செய்வதில்லை. எங்கிருந்தோ இறக்கிய பிரிசெட் (ஒரே தட்டில் போடும் ஆயத்த எடிட்) ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வைக் கூட்டிவிடுகிறது. நம் தோலின் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் அடங்கும். ஆகவே முகம் வெளுக்கும், கூடவே காவி வேட்டியும் சாயம் போகும், நெற்றியில் திருநீறு தனித்துத் தெரியாது. "முகம் வெள்ளையா இருக்கு" என்று சொல்வதைவிட இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, திருநீறு முகத்தோட கலந்து போச்சு, வேட்டியும் வெளுத்திருக்கு. ஆரஞ்சு ஸ்லைடர் ஏறியிருக்கா பாருங்களேன்." முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் கூட்டலாமே என்று அவருக்கே தோன்றும்.

இரண்டு, மாற்றிய வானம். கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் குடியிருப்பான சியூ ஜெட்டியை எடுத்து, ஒருவர் கடலுக்கு மேல் சூரியன் மறையும் வானத்தை ஒட்டிக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். சியூ ஜெட்டி தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, எதிரே பெருநிலத்தில் பட்டர்வொர்த். அந்தக் கடலுக்கு மேல் சூரியன் உதிக்கும், மறையாது. உள்ளூர்க்காரர் எவரும் இதைக் கண்டுபிடித்துவிடுவார், உடனே சிரிப்பார். கற்பனைப் படம் என்று அவர் சொல்லிவிட்டால் திசையை விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியது வேறு: சூரியன் பின்னால் இருக்கிறது, ஆனால் மரப்பலகையில் நிழலும் பின்னால் விழுகிறதா? வானம் செக்கச் சிவந்திருக்க, தண்ணீர் மட்டும் மத்தியான வெளுப்பில் கிடக்கிறதா? "வானம் நல்லா இருக்கு. ஆனா தண்ணிய பாத்ததும் ரெண்டும் வேற வேற நேரம்னு தெரிஞ்சிருது" என்றால் அவருக்கு அடுத்த வேலை புரிந்துவிடும்.

மூன்று, கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம். குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை எடுத்து, விவரங்களைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டியையும் எச்டிஆரையும் ஏற்றினால் வானத்தோடு சேரும் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். அந்த விளிம்பை விரலால் காட்டினாலே போதும். சிலைகளின் சிவப்பில் மடிப்பு, நிழல் எதுவும் தெரியாமல் ஒரே சிவப்பாக அப்பிக்கிடந்தால் அது எல்லா நிறத்தையும் ஒரேயடியாக அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் ஏறியதால் இருக்கலாம். அதற்குப் பதில் உள்ள வைப்ரன்ஸ் ஸ்லைடர், ஏற்கெனவே அடர்ந்திருக்கும் நிறங்களை அவ்வளவாகத் தொடாது.

படி 5: எது நன்றாக இருக்கிறது என்பதையும் இடம் சொல்லிச் சொல்லுங்கள்

"இடது ஓரத்தை இருட்டாக்கியதால கண்ணு நேரா பாட்டியோட கைக்குப் போகுது" என்று சொன்னால், அடுத்த படத்திலும் அதைச் செய்வார். கண்டித்துப் பேசுவதற்கு முன் தடவும் தைலமாகப் பாராட்டைப் பயன்படுத்தாதீர்கள், கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

குறைகளில் இரண்டு போதும். பெரியதை முதலில் சொல்லுங்கள். வயதில் மூத்தவர் என்றால் கேள்வியாகக் கேட்பது நம் வழக்கத்துக்கும் ஒத்துவரும்: "ஐயா, இந்தப் பச்சை வேணும்னே வச்சதா?" பல நேரம் வேண்டுமென்றே வைத்ததாகத்தான் இருக்கும்.

படி 6: கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்

"குடுங்க, நான் பண்ணிக் காட்டுறேன்" என்று சொல்லி அவர் படத்தை நம் ரசனைக்கு மாற்றிக் கொடுப்பது பலருக்குப் பழக்கம். அனுமதி கேட்டு, பிரதியில் மட்டும் செய்யுங்கள். அதுவும் நீங்கள் சொன்ன அந்த ஓர் இடத்தில் மட்டும். மூன்று ஸ்லைடரைத் தொட்டுவிட்டால் எது படத்தை மாற்றியது என்று அவருக்குத் தெரியாது.

அவர் "எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு" என்றால் அதோடு விடுங்கள். திருத்திக் கொண்டுவந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நீங்கள் சொன்னபடி செய்த பிறகு படம் மோசமாகியிருந்தால், அதையும் இடம் காட்டிச் சொல்லுங்கள்.