பவானி ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோபி, சத்தி, மேட்டுப்பாளையம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆற்றுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மழை பெய்து நாளாகிவிட்டது, முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடுகிறது, அப்புறம் என்ன பயம் என்று இறங்கிவிடுகிறார்கள். பவானியில் இந்தக் கணக்கு செல்லாது. எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது மேலே இருக்கிற அணையின் கையில் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே பில்லூர் அணை. மொத்தம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் வருகிற தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். அதோடு, மழையே இல்லாத நாளிலும் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் வரும். மின்சாரத் தேவை கூடும்போது ஆறு ஏறும், குறைந்தால் வடியும். நெல்லித்துறையிலும் வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கமும் நடு ஆற்றுப் பாறையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். சாப்பிட்டு முடிப்பதற்குள் கரைக்கும் பாறைக்கும் நடுவே இடுப்பளவு ஓடும்.

இறங்குவதற்கு முன் கரையில் கடை போட்டிருப்பவரிடமோ பரிசல்காரரிடமோ, “ஏனுங்க, இன்னைக்குத் தண்ணி வுட்டிருக்கறாங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். “சாஸ்தியா வருதுங்க, எறங்காதீங்க” என்றால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். கேட்க ஆள் இல்லாத இடமென்றால் தண்ணீர் தொடுகிற விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். பத்து நிமிடத்தில் அது நனைந்து மூழ்கினால் ஆறு ஏறுகிறது. தெளிந்து ஓடின தண்ணீர் கலங்கலாவதும், சருகும் குச்சியும் நுரையும் கூட்டமாக மிதந்து வருவதும் அதே சேதிதான். பிள்ளைகளை முதலில் கரையேற்றுங்கள். துணி, செருப்பு, பாத்திரமெல்லாம் போனால் போகிறது.

கோபி பக்கம் பவானியின் குறுக்கே இருக்கிற கொடிவேரியில் தவறு வேறு மாதிரி. அங்கே தடுப்பணையைத் தாண்டித் தண்ணீர் அருவி போலக் கொட்டுவதால் குற்றாலத்தில் நிற்கிற நினைப்பில் நேரே அடியில் போய் நின்றுவிடுகிறார்கள். தண்ணீர் குறைவாக விழும்போது, ஊழியர்கள் காட்டுகிற இடத்தில் நின்றால் தொல்லையில்லை. வரத்து கூடினால் விழுகிற தண்ணீர் அடியில் மோதி, மேலெழும்பி, மறுபடி அணையை நோக்கியே திரும்பும். அந்தச் சுழலில் சிக்கியவரை ஆறு கீழே தள்ளாது, அங்கேயே வைத்துப் புரட்டும். போதாததற்கு அந்த இடத்துத் தண்ணீரில் பாதி காற்றுக் குமிழி. வெள்ளை வெளேரென்று நுரைக்கிற தண்ணீரில் உடம்பு மிதக்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முழுகுவார். காலம் காலமாகத் தண்ணீர் விழுந்த இடத்தில் தரை சமமாகவும் இருக்காது. ஓரடி தள்ளி முழங்காலளவு இருந்தால் அடுத்த அடியில் ஆளை முழுக்குகிற பள்ளம். கம்பித் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் இதற்காகத்தான் இருக்கின்றன. படம் எடுப்பதற்காக அவற்றைத் தாண்டுகிறவர்களை என்ன சொல்ல.

கொடிவேரிக்கு மேலே இருக்கிற பவானிசாகர் அணை 105 அடி. ஆனால் அக்டோபர் கடைசி வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் பிடித்தால் மிச்சத் தண்ணீர் ஆற்றுக்கு வரும், கொடிவேரியில் குளிக்கத் தடை போடுவார்கள். ஆகவே ஆடி, ஆவணியில் கிளம்புகிறவர்கள் அன்றைய செய்தியில் அணை நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம். பரிசல் ஏறுவதானால் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி வாரைக் கட்டிய பிறகு ஏறுங்கள். நடுவில் ஒருவர் எழுந்து நின்றாலும் பரிசல் சாயும்.

எல்லாவற்றிலும் மோசமானது, பவானிசாகர் அணையிலிருந்து பாசனத்துக்குப் போகிற கீழ்பவானி வாய்க்காலில் குதிப்பது. பார்க்க அமைதியாகத் தெரியும். திறக்கிற காலத்தில் தலைமதகில் வினாடிக்கு 2,300 கன அடி வரை போகும் வாய்க்கால் அது. கரை சரிவாக இருக்கும், சிமெண்ட் பூசிய இடங்களில் பாசி வேறு. இறங்கியவர் கால் வைத்து ஏற முடியாமல் இழுபட்டுக்கொண்டே போவார். எதிர்த்து நீந்தினால் ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டிவிடும். தண்ணீர் போகிற போக்கிலேயே போய், சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்கி, அடுத்த படித்துறையைப் பிடிக்க வேண்டும். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. வேட்டி, சேலை, கயிறு எது கிடைக்கிறதோ அதை வீசி, தான் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். நின்றுகொண்டு இழுத்தால் அவரும் உள்ளே.

பவானிசாகரில் அணைமேல் நடக்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். சாதாரண நாளில் கீழே உள்ள பூங்கா மட்டும்தான். மேலே விடுவது வழக்கமாக ஆடி 18 அன்று, அதுவும் அந்த வருட அனுமதியைப் பொறுத்தது. நீர்த்தேக்கத்தின் கரைக்குக் குறுக்கு வழியில் இறங்க வேண்டாம். முதலை உண்டு, மாலையில் யானையும் தண்ணீர் குடிக்க வரும்.

மீன் வறுவல் சாப்பிடாமல் யாரும் திரும்பப் போவதில்லை, அது தெரிந்ததுதான். வெட்டுவதற்கு முன்பே எடை போட்டு விலை பேசிக்கொள்ளுங்கள், எண்ணெய் கருத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். குளித்துவிட்டுச் சாப்பிடுவதே முறை. சரக்கைப் போட்டுவிட்டு ஆற்றில் இறங்குவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பவானி காவிரியில் சேருகிற கூடுதுறையில் பரிகாரம் முடித்துக் கட்டிய துணியை ஆற்றில் விடுகிற பழக்கம் குளிக்கிறவர்களுக்கே ஆபத்து, காலில் சுற்றிக்கொள்ளும். காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டிக்கு விசைப்படகுக்காகப் போகிறவர்கள், அங்கே தண்ணீரைத் தேக்குகிற நெரிஞ்சிப்பேட்டை கதவணையில் பராமரிப்பு நடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தண்ணீரை வடித்துவிட்டால் படகு ஓடாது.

திரும்பும்போது பவானிசாகர்–பண்ணாரி சாலை காட்டுக்குள் போகிறது. இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். யானை குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கை மின்னவிடாமல், தூரத்திலேயே வண்டியை நிறுத்திப் பின்வாங்க இடம் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி தெரிந்தால் கூட்டம் முழுக்கத் தாண்டியாகிவிட்டது என்று நிச்சயமாகும் வரை நகர வேண்டாம்.