மீன் விலையைப் பட்டியலிலிருந்து எடுக்கும் ஃபார்முலா: எக்செல்லில் செய்வது எப்படி

இறங்குதளத்துத் துண்டுச் சீட்டைப் பார்த்து மீன், கிலோ, விலை மூன்றையும் கையால் அடித்துக்கொண்டே போனால், எங்காவது ஒரு விலை தப்பும். விலையை ஒரு பட்டியலில் ஒரே தடவை எழுதிவைத்து, மற்ற இடத்துக்கெல்லாம் ஃபார்முலாவே தேடி எடுத்துவரும்படி செய்துவிடலாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி எங்கிருந்தாலும், சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, கணக்கு எழுதுபவருக்கும் மீன் எடுக்கும் கம்பெனியில் பில் போடுபவருக்கும் முறை ஒன்றுதான்.

இங்கே ஃபார்முலாக்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கட்டத்தில் அடிக்கும்போது ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்: வீலுக்அப் என்றால் VLOOKUP, இஃப்என்ஏ IFNA, லென் LEN, ட்ரிம் TRIM, ரவுண்ட் ROUND, எக்ஸ்லுக்அப் XLOOKUP, இன்டெக்ஸ் INDEX, மேட்ச் MATCH, கவுன்ட்இஃப் COUNTIF. ஷீட் பெயரும் மேற்கோள் குறிக்குள் வரும் சொற்களும் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும். ஏ, பி, சி, டி என்பவை நெடுவரிசை எழுத்துகள்.

முதலில் பட்டியல். ஒரு ஷீட்டுக்கு 'விலை' என்று பெயர் வையுங்கள். ஏ-யில் குறியீட்டு எண், பி-யில் மீன் பெயர், சி-யில் ரகம், டி-யில் கிலோ விலை. இன்னொரு ஷீட் 'வரவு': ஏ-யில் தேதி, பி-யில் படகு எண், சி-யில் குறியீடு, டி-யில் கிலோ, இ-யில் விலை, எஃப்-இல் தொகை. நாம் கையால் எழுதுவது டி வரைதான்.

குறியீடு எதற்கு, பெயரை வைத்தே தேடலாமே என்று தோன்றும். இந்தக் கரையில் சீலா என்பது சென்னை வியாபாரிக்கு வஞ்சிரம், கேரளத்துக்காரருக்கு நெய்மீன். சென்னையில் சீலா என்று கேட்டாலோ வேறு மீனைக் கொடுப்பார்கள். மனிதருக்கே குழம்புகிற பெயரைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும்? அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். 101 சீலா, 102 பாறை, 103 கணவாய், 104 நண்டு என்று எண் கொடுத்துவிட்டால் யார் என்ன பெயர் சொன்னாலும் கணக்கு ஒன்றாக இருக்கும்.

'வரவு' ஷீட்டில் இ2 கட்டத்தில் அடிக்க வேண்டியது:

=வீலுக்அப்(சி2,'விலை'!$ஏ$2:$டி$40,4,0)

சி2 என்பது தேடும் எண். நடுவில் இருப்பது தேடும் இடம். 4 என்றால் அந்த இடத்தின் நான்காவது நெடுவரிசையில் உள்ளதை எடுத்துக்கொடு என்று பொருள். கடைசி 0, அச்சு அசலாக அதே எண் இருந்தால் மட்டும் எடு என்பது. எஃப்2-இல் =டி2*இ2. இரண்டையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடுங்கள்.

டாலர் குறி இல்லாமல் இழுத்தால், மூன்றாவது வரிக்குப் போகும்போது தேடும் இடமும் ஒரு வரி கீழே நகரும். மேலே உள்ள மீன்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து விழும். முதல் சில வரிகள் சரியாக வந்து கீழே போகப் போகப் பிழை கூடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃபார்முலாவில் அந்த இடத்தைத் தேர்ந்துகொண்டு எஃப்4 விசையை அழுத்தினால் டாலர் தானாக விழும். போனில் கையால் அடிக்க வேண்டும்.

இப்போது அந்தக் கடைசி 0. அதை விட்டுவிட்டால் ஃபார்முலா திட்டாது, சிவப்புக் காட்டாது, ஏதோ ஒரு விலையைக் கொண்டுவந்து வைக்கும். எண் வரிசையில் அடுக்கிய பட்டியல், 101 முதல் 104 வரை, பிறகு 110. சீட்டில் 105 என்று தவறி விழுந்திருக்கிறது. 0 இருந்தால் என்ஏ (#N/A), அதாவது கிடைக்கவில்லை என்ற பிழை வரும், நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். 0 இல்லாவிட்டால் 105-க்குக் கீழே உள்ள நெருங்கிய எண்ணான 104-இன் விலை, நண்டு விலை, வந்து உட்காரும். நண்டு கிலோ 420 என்று வைத்துக்கொண்டால் 38 கிலோவுக்கு 15,960 ரூபாய். பில் அழகாக இருக்கும். அந்தப் பணத்தில் படகில் போனவர்களின் பங்கும் இருக்கிறது. பட்டியல் வரிசை குலைந்து கிடந்தால் எந்த விலை வரும் என்று சொல்லவே முடியாது.

இதே காரணத்தால்தான் பிழையை இஃப்எரர் போட்டு 0 ஆக்கி மறைக்கக் கூடாது என்கிறோம். என்ஏ கண்ணை உறுத்துகிறது என்றால் =இஃப்என்ஏ(வீலுக்அப்(...),"விலை இல்லை") என்று எழுதுங்கள். எழுத்தைக் கிலோவால் பெருக்க முடியாது. எனவே தொகையிலும் கூட்டலிலும் வேல்யூ (#VALUE!) பிழை எழும்பும். எழும்பட்டும். இன்னொரு பொறி: பட்டியலில் மீன் இருந்து விலைக் கட்டம் காலியாக இருந்தால், ஃபார்முலா பிழை காட்டாமல் 0 என்றே கொடுக்கும். ஏலம் முடியாத மீனுக்கு விலைக் கட்டத்தில் "ஏலம் ஆகவில்லை" என்று எழுதிவையுங்கள்.

எண் கண்முன்னே இருக்கிறது, ஆனாலும் என்ஏ வருகிறதா? ஒரு பக்கம் 104 எண்ணாகவும், மறுபக்கம் 104 எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். எழுத்தானது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் பச்சை முக்கோணம் தெரியலாம். அந்த நெடுவரிசையைத் தேர்ந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் ஃபினிஷ் அழுத்தினால் எண்ணாக மாறிவிடும்.

பெயரை வைத்துத்தான் தேடியாக வேண்டும் என்றால், எழுத்துகளையும் குறிகளையும் எண்ணிச் சொல்லும் லென் ஃபார்முலா கைகொடுக்கும். நண்டு என்ற சொல்லுக்கு =லென்(பி5) 5 என்று வர வேண்டும்: ந, ண, புள்ளி, ட, உகரக் குறி. 6 வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒட்டியிருக்கிறது. இடைவெளி என்றால் ட்ரிம் நீக்கிவிடும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய சொல்லில் வரும் 160-ஆம் எண் இடைவெளி ட்ரிமுக்கு மசியாது. அந்த இடைவெளியை மட்டும் நகலெடுத்து, கன்ட்ரோல் எச் அழுத்தி, வெறுமையால் மாற்றுங்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருந்தால் லென் எண்ணிக்கையும் மாறாது. அதைத் திரும்ப அடிப்பதுதான் வழி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் அடித்த பெயரோடு அது ஒருநாளும் பொருந்தாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தேட வேண்டும்.

படகு எண்ணிலும் இதே தொல்லை. ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் எண்ணை ஒருவர் கோடு போட்டு எழுதுவார், ஒருவர் இடைவெளி விட்டு எழுதுவார். படகுப் பட்டியலை ஒரு ஷீட்டில் வைத்து, டேட்டா வேலிடேஷனில் லிஸ்ட் தேர்ந்து கீழ்விரி பட்டியலாக்கிவிட்டால் யாரும் அடிக்கவே தேவையில்லை.

கடைசி 0 வேண்டாத இடம் ஒன்று உண்டு: இறால். இறாலுக்கு விலை கவுண்ட்டைப் பொறுத்தது, அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதை. கவுண்ட் ஏற ஏற விலை இறங்கும். 'கவுண்ட்' ஷீட்டில் ஒவ்வொரு படியின் தொடக்க எண்ணை மட்டும் ஏ-யில் எழுதுங்கள்: 1, 21, 31, 41, 51. பக்கத்தில் விலை: உதாரணத்துக்கு 650, 560, 480, 410, 350. கவுண்ட்டை வரவு ஷீட்டின் ஜி நெடுவரிசையில் எழுதி, இறால் வரியில் மட்டும் இ கட்டத்தில்:

=வீலுக்அப்(ஜி2,'கவுண்ட்'!$ஏ$2:$பி$6,2,1)

34 கவுண்ட் என்றால் 31-இன் வரியில் நின்று 480 வரும். பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாகத்தான் இருக்க வேண்டும். முதல் வரியில் 0 எழுத வேண்டாம்; கவுண்ட் எழுத மறந்த காலிக் கட்டத்தை ஃபார்முலா 0 என்று எடுத்துக்கொண்டு உச்ச விலையான 650-ஐப் போட்டுவிடும். 1 என்று தொடங்கினால் என்ஏ காட்டும். 2 கிலோ மாதிரியில் 61 இறால் நின்றால் கவுண்ட் 30.5. அது 31-ஐ எட்டாததால் 21-இன் விலை, 560, விழும். அரையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கம்பெனியோடு முன்பே பேசி, அதன்படி ரவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள். 10-12 என்று படியைக் கோடு போட்டு எழுதினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும்.

வீலுக்அப் இடமிருந்து வலமாகவே பார்க்கும். தேடும் நெடுவரிசை முதலில் இருந்தாக வேண்டும். நடுவில் புதிய நெடுவரிசை நுழைத்தால் அந்த 4 மாறாமல் நின்று வேறு எதையோ எடுக்கும். எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள் இதற்கு மாறிவிடலாம்:

=எக்ஸ்லுக்அப்(சி2,'விலை'!$ஏ$2:$ஏ$40,'விலை'!$டி$2:$டி$40,"விலை இல்லை")

இதில் எண்ணிச் சொல்ல நெடுவரிசை இல்லை, எதுவும் சொல்லாவிட்டாலும் அச்சு அசலாகவே தேடும். எக்செல் 2016, 2019-இல் இது கிடையாது; அங்கே =இன்டெக்ஸ்('விலை'!$டி$2:$டி$40,மேட்ச்(சி2,'விலை'!$ஏ$2:$ஏ$40,0)) அதே வேலையைச் செய்யும்.

எந்த ஃபார்முலாவானாலும் ஒரே குறியீடு இரண்டு முறை இருந்தால் மேலே உள்ளதைத்தான் எடுக்கும். பட்டியலுக்குப் பக்கத்தில் =கவுன்ட்இஃப்($ஏ$2:$ஏ$40,ஏ2) இழுத்துப் பாருங்கள்; எல்லாம் 1 ஆக இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது விலை மாறும் நாள். இன்று நண்டு விலையை 420-இலிருந்து 390 ஆக்கினால், போன வாரம் பணம் கொடுத்து முடித்த பில்லும் 390 ஆகிவிடும். விலைப் பட்டியலின் முதலில் இரண்டு நெடுவரிசை சேர்த்து, பி-யில் தேதியும் சி-யில் குறியீடும் வையுங்கள்; ஏ-யில் =பி2&"-"&சி2. விலை இப்போது எஃப்-இல் இருக்கும். வரவு ஷீட்டில் =வீலுக்அப்(ஏ2&"-"&சி2,'விலை'!$ஏ$2:$எஃப்$400,6,0). பழைய விலையை அழிக்காமல் கீழே புது வரியாக எழுதிக்கொண்டே போகலாம். இரண்டு பக்கமும் உண்மையான தேதியாக இருக்க வேண்டும், 12.8 என்று புள்ளி வைத்து அடித்தால் பொருந்தாது.

நடுவில் இப்படி அமைப்பை மாற்றுவது சிரமம். விசைப்படகுக் கணக்கு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. குறியீடு போடவும், பழைய பாமினி பட்டியலை மாற்றவும், சென்ற மாதச் சீட்டுகளில் பத்தைக் கையால் கூட்டி ஃபார்முலாவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது போதும்.