அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: முகப்பருவைக் கூட்டாத கருத்தடை மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மகன் பால்குடி மறந்திருந்த சமயம். அடுத்த குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று முடிவானதும் மருந்துக்கடைக்குப் போய் மெல்லிய குரலில் மாத்திரை கேட்டேன். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது அட்டை முடிவதற்குள் தாடையோரம் வரிசையாகப் பருக்கள். உள்ளுக்குள் கட்டி கட்டியாக நிற்கும். முகம் கழுவும்போது கை பட்டாலே சுள்ளென்று வலிக்கும். உடம்புச் சூடு என்றார் மாமியார். வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன். மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். கடைசியில் ஒரு மருத்துவர் அட்டையை வாங்கித் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரின் மேல் நகத்தை வைத்துக் காட்டினார். அன்று கற்றுக்கொண்டதை முதல்முறை மாத்திரை எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருத்தடை மாத்திரை என்றாலே பரு வரும் என்பது உண்மையில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கூட்டு மாத்திரை, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, பருவைக் குறைக்கவே செய்கிறது. சிலருக்கு மட்டும் சில மாத்திரைகள் ஒத்துக்கொள்வதில்லை.

படி 1: பரு எதனால் என்று பாருங்கள்

தாடை, மோவாய், கழுத்தோரம் ஆகிய இடங்களில், மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு கூடுகிற பரு என்றால் பெரும்பாலும் ஹார்மோன் சம்பந்தப்பட்டது. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக இருந்தால் தலைக்கு வைக்கிற எண்ணெயைக் கவனியுங்கள்.

முகம் வெளுக்க என்று கடையில் வாங்கிப் பூசும் க்ரீம்களையும் விட்டுவிடாதீர்கள். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அதுவே பருவைக் கொண்டுவரும். அதைப் பூசிக்கொண்டே மாத்திரையை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. ஆனால் நாள்பட்டுப் பூசியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். தோல் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போவது, மோவாயில் தடித்த முடி, பரு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ், இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

படி 2: மாத்திரை உங்களுக்கு ஆகுமா?

முகத்தைவிட உயிர் பெரிது, அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவர்களுக்கு ஆகாது: காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், மார்பகப் புற்றுநோயோ கடுமையான கல்லீரல் நோயோ உள்ளவர்கள். ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிறவர்களுக்கும் ஆகாது. இதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்கள், குறிப்பாக முதல் ஆறு மாதத்துக்குள் இருப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாசெபின் எடுப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரையின் வேலை குறைந்துவிடும். கர்ப்பம் தரித்துவிடலாம். அதனால் எடுக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்த அழுத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை.

படி 3: அட்டையைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விடுங்கள். பின்பக்கத்தில் இரண்டு மருந்துகளின் பெயர் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம்.

ஒன்று பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ராடியால். இதுதான் ஈஸ்ட்ரோஜன். பொதுவாக 20 முதல் 35 மைக்ரோகிராம் வரை இருக்கும்; 0.03 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது 30 மைக்ரோகிராம். பரு விஷயத்தில் இது நமக்குத் துணை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் ஓடுகிறது. அதுதான் தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிவிடும். ஈஸ்ட்ரோஜன், கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அந்தப் புரதம் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொள்கிறது. எண்ணெய் குறைகிறது, பருவும் குறைகிறது.

இரண்டாவது பெயர்தான் மாத்திரைக்கு மாத்திரை மாறும். அது புரோஜெஸ்டின், பெண் உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்கிற மருந்து.

லெவோனார்ஜெஸ்ட்ரல் என்றிருந்தால், அது ஆண் ஹார்மோன் குணம் கொஞ்சம் உள்ள புரோஜெஸ்டின். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இதுதான் 0.15 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜனும் உண்டு. அந்த அட்டையில் 28 மாத்திரைகள், அதில் கடைசி ஏழு வெறும் இரும்புச்சத்து. இது மோசமான மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்கு முகத்தில் எந்தத் தொந்தரவும் வருவதில்லை, சிலருக்குப் பருகூடக் குறைகிறது. என்னைப் போல ஏற்கெனவே தாடைப்பரு வருகிற உடம்பு உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

டெசோஜெஸ்ட்ரல், நார்ஜெஸ்டிமேட் ஆகியவற்றில் அந்தக் குணம் குறைவு. ட்ரோஸ்பிரினோன் நேர் எதிர். ஆண் ஹார்மோனைத் தடுக்கிறது, பருவுக்குத் தோல் மருத்துவர்கள் தரும் ஸ்பைரோனோலாக்டோனுக்கு உறவுக்கார மருந்து. அதனாலேயே உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. சைப்ரோடெரோன் அசிடேட் இன்னும் பலமாகத் தடுக்கும். பல நாடுகளில் இதை வெறும் கருத்தடைக்காக எழுதித் தருவதில்லை. மற்ற சிகிச்சைக்கு அடங்காத பருவுக்கும் முடிவளர்ச்சிக்கும்தான் தருகிறார்கள், சரியானதும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

படி 4: பருவுக்கு நல்லது என்பதற்காக மட்டும் எடுத்துவிடாதீர்கள்

மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு, அதாவது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாவது, வருகிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் உள்ள கூட்டு மாத்திரை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் உள்ளதில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இதைவிட அதிகம் என்பதால் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்கோ அக்காவுக்கோ காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். நாலு பருவுக்காக இந்த மாத்திரைகளைத் தோழி சொன்னாள் என்று கடையில் வாங்குவது சரியில்லை.

படி 5: புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவை

பரு கூடுவதற்கு வாய்ப்பு அதிகம் இங்கேதான். டெசோஜெஸ்ட்ரல் மட்டும் உள்ள மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட், லெவோனார்ஜெஸ்ட்ரல் உள்ள கருப்பை வளையம் எல்லாம் இந்த வகை. துணைக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் படி 3-ல் சொன்ன அந்தப் புரதம் கூடுதலாகச் சுரந்து கைகொடுப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்கு இவை நல்ல வழிதான், பருவுக்குத் தனியாகப் பூச்சு மருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர்-டி இருக்கிறது. தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த சாயா மாத்திரையும் ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. ஆனால் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இதைத் தருவதில்லை. படி 1-ல் பரிசோதிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயில் விசேஷத்துக்காகப் பீரியட்ஸைத் தள்ளிப்போட எடுக்கும் நார்எதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரை கருத்தடை மாத்திரை இல்லை. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

படி 6: மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

"மாத்திரை வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கு மாதவிடாய்க்கு முன்னால் தாடையில் பரு வருகிறது, இதைக் கூட்டாத மாத்திரை வேண்டும், ட்ரோஸ்பிரினோன் எனக்கு ஆகுமா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வயிற்றுப் பிள்ளையைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடத் தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தடை தவறக்கூடாது.

படி 7: மூன்று மாதம் பொறுங்கள்

முதல் மாதத்தில் பரு கொஞ்சம் கூடலாம். அதைப் பார்த்து நிறுத்திவிட்டால் கர்ப்பம்தான் மிஞ்சும். மாதம் ஒருமுறை, காலையில், அதே ஜன்னல் பக்கம் நின்று இரண்டு தாடையையும் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மூன்று மாதம் ஆகியும் குறையவில்லை, அல்லது மோசமாகிறது என்றால் படங்களோடு போய் மாற்றித் தரக் கேளுங்கள். இடைவெளி விடாமல் எப்படி மாறுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை மங்கினாலோ மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.