நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வீடு மாற்ற எவ்வளவு ஆகும்? நாமே கணக்குப் போடலாம்

மூன்று பேரிடம் லாரி வாடகை கேட்டால் மூன்று தொகை சொல்வார்கள். யார் சொல்வது நியாயம் என்று தெரிய, போன் எடுப்பதற்கு முன் நாமே ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும்.

முதலில் டேப்பை எடுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோ சுமார் 29 கன அடி. எல்லாவற்றையும் கூட்டுங்கள். 14 அடி லாரியில் 6 அடி அகலம், 6 அடி உயரத்துக்கு ஏற்றினால் 504 கன அடி. இண்டு இடுக்கு வீணாகும், 400க்குள் அடங்கினால் நிம்மதி. அடங்கவில்லையா? பலாமரக் கட்டிலைக் கழற்றினால் இடம் மிஞ்சும். ஆட்டுரலைத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள், சென்னையில் யார் ஆட்டப்போகிறார்கள்?

அடுத்து வாடகை. தூரம் சுமார் 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் 100 லிட்டர் டீசல். அதை அன்றைய விலையால் பெருக்குங்கள். வண்டி காலியாகத் திரும்பினால் இன்னொரு 100 லிட்டரும் நம் தலையில்தான். டோல், டிரைவர் படி, முதலாளியின் லாபம் எல்லாம் அதற்கு மேல். அதனால் லாரி ஆபீஸில் முதல் கேள்வியே "ரிட்டர்ன் லோடு வண்டி உண்டா?" என்பதாக இருக்கட்டும். சென்னைச் சரக்கை இங்கே இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி என்றால் வாடகை குறையும். ஆனால் அது வரும் நாள் முன்னே பின்னே ஆகும், வீட்டைக் காலி செய்யும் தேதியை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

அப்புறம் ஏற்று இறக்குக் கூலி. நான் சறுக்கியது இங்கேதான். "எல்லாம் சேர்த்து" என்ற வாய்ப்பேச்சை நம்பினேன். சென்னையில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றதும் சாமானை வாசலில் வைத்துவிட்டுத் தனிக்கூலி கேட்டார்கள். கொடுக்காமல் என்ன செய்வது? தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் லாரி நுழையாத இடவழி வீடு என்றால் ரோடு வரை குட்டியானை வாடகையும், இரண்டு முறை ஏற்றும் கூலியும் வரும். மாடி, லிஃப்ட், இடவழி மூன்றையும் முன்பே சொல்லி, சாமான் பட்டியலோடு தொகையை எழுதி வாங்குங்கள். பேக்கிங்கும் அவர்களே செய்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அது சொன்ன தொகைக்குள்ளா வெளியேயா என்றும் கேளுங்கள். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை.

பைக்கை நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் பார்சலாகவும் போடலாம். ஆர்சி நகல் வேண்டும். டேங்க் காலியாக இருக்க வேண்டும், அந்த வாரம் பெட்ரோல் போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.