தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரோடும் சிங்கப்பூர் போய்வருவது எப்படி

மூன்று தலைமுறையும் சேர்ந்து முதல்முறையாக வெளிநாடு போவதென்றால் நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஏறக்குறைய நாலு மணி நேரம், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால் போதும், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் இறங்கியவுடனே தமிழ்ப் பலகை கண்ணில் படும். பாலி, பாங்காக் எல்லாம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். பெரியவர்கள் பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஒரு மாதிரி விரிந்திருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும், அதனால் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அதே பெயரில் டிக்கெட் போடுங்கள். விசாவை ஏஜென்ட் எடுத்துத் தருவார். அதுபோக எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒன்று இருக்கிறது, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் உண்டு. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

டிக்கெட் போடும்போதே தாத்தா பாட்டிக்கு வீல்சேர் கேட்டு வையுங்கள். "நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்பார்கள், அதைக் காதில் வாங்காதீர்கள், சாங்கி விமான நிலையம் அவ்வளவு பெரியது.

பெட்டி கட்டும் அன்று பாட்டியின் பைக்குள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கசகசா கூடாது, அது சேர்த்து அரைத்த மசாலாப் பொடியும் வேண்டாம். தாத்தா வெற்றிலையோடு போடும் புகையிலைக்கு அங்கே தடை, சூயிங்கமும் வேண்டாம். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், எனவே டாக்டரிடம் கேட்டு வேறு மருந்துக்கு மாற முடியுமா பாருங்கள்.

சரி, தங்குவது எங்கே? லிட்டில் இந்தியா பக்கம்தான். அறை கொஞ்சம் சின்னதாக இருக்கும், ஆனால் காலையில் கீழே இறங்கினால் இட்லி கிடைக்கும், வீரமாகாளியம்மன் கோயில் நடக்கிற தூரம், எல்லாச் சாமானும் கிடைக்கும் முஸ்தபா கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பெரியவர்கள் தனியாகவே ஒரு சுற்று போய் வரும் தைரியம் இங்கேதான் வரும்.

இனி முக்கியமான விஷயம்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், சாயங்காலம் வேண்டுமானால் மெதுவாக ஒரு உலா. பேக்கேஜ்காரர்கள் தரும் அட்டவணையில் காலை மிருகக்காட்சி சாலை, மதியம் செந்தோசா தீவு, ராத்திரி நைட் சஃபாரி என்று அடைத்திருப்பார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். அந்த ஊர் வெயிலும் புழுக்கமும் சென்னையைப் போலத்தான், குழந்தையும் பெரியவரும் மதியம் இரண்டு மணிக்குமேல் தாங்கமாட்டார்கள். காலையில் சீக்கிரமே மண்டாய் மிருகக்காட்சி சாலைக்குப் போங்கள் (உள்ளே டிராம் உண்டு), சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து தூங்குங்கள், சாயங்காலம் மெதுவாகக் கிளம்பி கார்டன்ஸ் பை த பே பூங்கா. அங்கே செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் குடில்களுக்கு டிக்கெட் உண்டு, உள்ளே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ராட்சத மரம் போல எழுப்பிய கோபுரங்களில் வழக்கமாக இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளிக்காட்சி இலவசம். பாட்டி தரையில் துண்டு விரித்துப் படுத்துக்கொண்டே பார்க்கலாம், சுற்றிலும் பலர் அப்படித்தான் கிடப்பார்கள்.

எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யூனிவர்சல் ஸ்டுடியோஸுக்குப் பிள்ளைகளோடு ஒருவர் போகட்டும். இன்னொருவர் பெரியவர்களைச் சவுத் பிரிட்ஜ் சாலைக்குக் கூட்டிப்போகட்டும். சைனாடவுனுக்கு நடுவே 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும், அதே சாலையில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோயிலில் நம் ஊர் போலவே மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

மெட்ரோவில் ஒரே பயணக் கார்டை இரண்டு பேருக்குத் தேய்க்க முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, கூட டிக்கெட் எடுத்த பெரியவர் இருந்தால், இலவசம். உள்ளே தண்ணீர் குடித்தால்கூட அபராதம் உண்டு, பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஊர்க்காரப் பையன் யாராவது அங்கே வேலை பார்த்தால் ஞாயிற்றுக்கிழமையை அவனுக்கு ஒதுக்குங்கள். பலருக்கு அன்றுதான் லீவு, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் கூட்டம் கூட்டமாக நம் ஆட்கள் நிற்பார்கள். அவன் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கைக் கொடுத்து, ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். தாத்தா ஊருக்குத் திரும்பியபின் செந்தோசாவைப் பற்றிப் பேசமாட்டார், இதைத்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்புறம் படங்கள். எடுப்பவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார், எனவே தினமும் ஒரு மணி நேரம் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், பாதி ஆடியிருக்கும், பரவாயில்லை. இரவு படுக்குமுன் பாட்டியிடம் "இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்டு அவர் குரலைப் பதிவு செய்து வையுங்கள், மறுநாள் கேட்டால் பாதி மறந்திருக்கும். டிக்கெட், பில் எல்லாம் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் காகிதம், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அன்றன்றே படம் எடுத்துவிடுங்கள். ஊர் வந்த அந்த வாரமே, சூடு ஆறுவதற்குள், நல்ல படங்களைப் பொறுக்கி ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பின்னால் இடத்தையும் யார் எடுத்தது என்பதையும் எழுதி, தாத்தா வீட்டுக்கு ஒரு செட் தனியாகக் கொடுங்கள். அவர் வாட்ஸப்பில் தேடிக்கொண்டிருக்கமாட்டார்.